மெல்பேர்ன் போகும் வழியில் சிங்கப்பூரில் அரை நாள்

கிருஷ்ணகிரி,
ஆடி முதல் வாரம்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளைப் பார்க்க நீயும் தங்கச்சியும் ஒருவழியாகக் கிளம்புவதில் சந்தோஷம். இங்கே மாங்காய் சீசன் ஓய்ந்துவிட்டது. பெங்களூரா தோப்புகளில் கடைசிப் பறிப்பும் முடிந்து, கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள் குறைந்துவிட்டன. விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் அதிலேயே தீர்ந்துவிடும், விடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். சிங்கப்பூரில் காலை 6:20க்கு இறங்கி இரவு 8:30க்கு மெல்பேர்ன் விமானம். பதினான்கு மணி நேரம். "இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறார்களாமே, நம்பிப் போகலாமா?" என்று எழுதியிருக்கிறாய். நம்பலாம். சாங்கி விமான நிலையத்தில் அதிகாரபூர்வமாக நடக்கும் டூர் அது. பஸ், வழிகாட்டி இரண்டுக்கும் காசு கிடையாது. இரண்டரை மணி நேரம் ஓடும். அடுத்த விமானத்துக்கு 5½ மணி நேரத்துக்குக் குறையாமலும் 24 மணி நேரத்துக்கு மிகாமலும் இடைவெளி உள்ள பயணிகளுக்கு மட்டும். உங்கள் கணக்கு அதற்குள் வருகிறது. ஆனால் டூருக்கான பாதி வேலை தர்மபுரியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் விசா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூருக்குள் கால் வைக்க விசா வேண்டும். டூர் இலவசம் என்பதால் அந்தச் சட்டம் தளராது. உங்களுக்கு வழி திறப்பது ஆஸ்திரேலிய விசாதான். ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்து, அந்த நாட்டுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ இருந்தால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் சிங்கப்பூருக்குள் அனுமதிப்பார்கள். அந்த விசாவுக்கு இன்னும் ஒரு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம். அடுத்த விமானத்தின் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். இத்தனை இருந்தாலும் கடைசி முடிவு இமிகிரேஷன் அதிகாரியுடையது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். மகளின் வீட்டுக் கதை வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஆஸ்திரேலிய விசாவை பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை, மின்னஞ்சலில் ஒரு கடிதமாகத்தான் வரும். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கடிதத்தை ஆளுக்கு இரண்டு பிரதி அச்செடுத்துக் கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்று நம்பாதே. இரவு விமானத்தில் இறங்கும்போது போனில் சார்ஜ் இருக்காது, இருந்தாலும் நெட் இருக்காது.

அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்டு, சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான வருகைப் படிவம். விமான நிலையத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இது தேவையில்லை, வெளியே வருகிறவர்களுக்குக் கட்டாயம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் இணையத்தில் நிரப்ப முடியும். அதற்கு முன்னால் முயன்றால் தளம் ஏற்காது. சிங்கப்பூர் குடிவரவுத் துறையின் தளத்தில் இது முழுக்க இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் பறிக்கும் போலித் தளங்கள். யாராவது டாலரில் கட்டணம் கேட்டால் அப்போதே மூடிவிடு. இருவருக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும், அதையும் அச்செடுத்து வை.

டூரையும் சாங்கியின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யலாம். உன் பேரனைச் செய்யச் சொல். இடம் மீதி இருந்தால் நேரில் போயும் வாங்கலாம். ஆனால் பள்ளி விடுமுறை மாதங்களில் அதை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

பெங்களூரு விமான நிலையக் கவுண்டரில் கவனிக்க வேண்டியது பெட்டியில் ஒட்டும் சீட்டு. அதில் எம்இஎல் என்று இருக்க வேண்டும், அது மெல்பேர்னின் குறி. சிங்கப்பூரின் குறியான எஸ்ஐஎன் இருந்தால் பெட்டி அங்கேயே இறங்கிவிடும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி நேராக மெல்பேர்ன் போகும். மலிவு என்று தனித்தனியாக வாங்கிய டிக்கெட் என்றால், இறங்கியதும் இமிகிரேஷன் தாண்டி வெளியே போய்ப் பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். டூர் பதிவு மேசையோ டிரான்ஸிட் பகுதிக்குள், அதாவது இமிகிரேஷன் தாண்டாமல் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. வெளியே போனவனுக்கு அந்த டூர் கிடையாது. அதனால்தான் டிக்கெட் போடும் முன்னே என்னைக் கேள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மெல்பேர்ன் போர்டிங் பாஸையும் பெங்களூருவிலேயே கேட்டு வாங்கிவிடு.

சாங்கியில் இறங்கியதும் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே 1, 2, 3ஆம் டெர்மினல்களில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே கூடத்தில்தான் நடமாடுகிறார்கள். கூட்டத்தில் பாதி இமிகிரேஷன் பக்கம் இறங்கும். கூடவே நடந்து போனால் நீயும் வரிசையில் நின்று வெளியே வந்துவிடுவாய், டூர் போச்சு. கூட்டத்தைப் பார்க்காதே, பலகையைப் பார். இலவச டூர் பதிவு மேசைகள் 2ஆம், 3ஆம் டெர்மினல்களின் டிரான்ஸிட் பகுதியில் உள்ளன. வேறு டெர்மினலில் இறங்கினால் டெர்மினல்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயின் என்ற சிறு ரயிலில் ஏறிப் போகலாம், காசில்லை. மேசையில் பாஸ்போர்ட், மெல்பேர்ன் போர்டிங் பாஸ், விசாக் கடிதம், அரைவல் கார்டு நான்கையும் காட்டினால் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்கு வழிகாட்டி குழுவாகச் சேர்த்து இமிகிரேஷன் வழியாக அழைத்துப் போவார்.

எந்த நேரத்து டூர் என்பதை யோசித்து எடு. அங்கே காலை 6:20 என்றால் நம் உடம்புக்கு அதிகாலை 3:50. சிங்கப்பூர் நம்மைவிட 2½ மணி நேரம் முன்னால். இறங்கியவுடன் கிளம்பும் டூரை எடுத்தால் பஸ்ஸில் இருவரும் தூங்கிவிட்டு மெர்லயன் சிலையைக் கனவில்தான் பார்ப்பீர்கள். முதலில் மேசைக்குப் போய்ப் பதிவை உறுதி செய். பிறகு சாப்பிட்டு, டிரான்ஸிட்டில் உள்ள சாய்வு நாற்காலிகளில் இரண்டு மூன்று மணி நேரம் படுத்து எழுந்து, முற்பகல் டூருக்குப் போ. பிற்பகல் எனக்குப் பிடிக்காது, அங்கே இடிமழை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கொட்டும். வெயிலும் நம் ஊர் வெயிலைப் போல வறண்டதல்ல, கசகசவென்று ஒட்டும். குடை ஒன்று, பருத்திச் சட்டை, தங்கச்சிக்குப் பழகிய செருப்பு.

கைப்பெட்டியை டூர் பஸ்ஸுக்கு இழுத்துப் போக வேண்டாம். டிரான்ஸிட் பகுதியிலேயே கட்டணத்துக்குப் பாதுகாக்கும் இடம் உண்டு. மாத்திரை, பாஸ்போர்ட், பணம் மட்டும் சிறு பையில். அந்தப் பையில் என்ன இருக்கக் கூடாது என்பதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். உன் சட்டைப் பையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அந்தப் புகையிலைப் பொட்டலம் பெங்களூருக்கு இந்தப் பக்கமே இறங்கிவிட வேண்டும். மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை. இ-சிகரெட்டும் அப்படியே, சூயிங்கமும் அப்படியே. சாதா சிகரெட் ஒரு பாக்கெட்டுக்குக்கூட வரிச் சலுகை கிடையாது, சொல்லி வரி கட்ட வேண்டும். குருமாவுக்கென்று மகள் கசகசா கேட்டிருந்தால் அதையும் மறந்துவிடு, அது அங்கே போதைப்பொருள் பிரிவின் கண்ணில் படும் சரக்கு.

இனி டூரில் என்ன காட்டுவார்கள். வழிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள். நகரம் போகும் டூரைக் கேள். விமான நிலையத்தை ஒட்டிய பகுதியை மட்டும் சுற்றும் டூரும் ஒன்று உண்டு, முதல் முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம். நகர டூரில் மரினா பே பக்கம் போவது வழக்கம். 57ஆவது மாடியில் கப்பல் போல மேடை தாங்கிய மூன்று கோபுரங்கள் மரினா பே சாண்ட்ஸ், 2010இல் திறந்தது. கார்டன்ஸ் பை த பே 2012இல் வந்தது. அங்கே 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்த இரும்பு மரங்களைக் கீழிருந்து பார்க்கக் கட்டணமில்லை, கண்ணாடிக் கூடங்களுக்கு உண்டு. சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் 8.6 மீட்டர் உயரம். 1972இல் வைத்ததை 2002இல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். எல்லாம் இறங்கி, படம் எடுத்து, ஏறும் அளவுக்குத்தான். சாவகாசமாக உட்கார்ந்து பார்க்க இந்த டூர் ஆகாது. இரண்டரை மணி நேரத்தில் ஒரு நல்ல பங்கு பஸ்ஸிலேயே போகும்.

கோயில் பார்க்க வேண்டும் என்று தங்கச்சி சொல்லியிருக்கிறாளே. சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது. லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில். டூர் பஸ் அந்தப் பக்கம் போனாலும் உள்ளே போய்க் கும்பிட நேரம் தருவார்கள் என்று எண்ணாதே. டூர் முடிந்து மிச்ச நேரத்தில் தனியாகப் போகலாம். விமான நிலைய ரயில் நிலையம் 2, 3ஆம் டெர்மினல்களுக்கு இடையில். ஒரு நிறுத்தம் தள்ளி எக்ஸ்போவில் டவுன்டவுன் லைன் மாறினால் நேராக லிட்டில் இந்தியா. வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிட்ட வங்கி அட்டை (விசா கார்டு அல்லது மாஸ்டர் கார்டு) இருந்தால் அதைத் தட்டியே ஏறலாம். போக மட்டும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள். என்னைக் கேட்டால் மூட்டு வலிக்காரியை வைத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டும் அதிகம். கோயில் முக்கியம் என்றால் டூரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். இல்லையென்றால் டூரோடு நிறுத்துங்கள்.

சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்திருக்கிறாயா? ஆங்கிலத் துணைக்காகவே அதைக் கேட்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அதில் வந்தால் உதவியாளர் சொல்லும் இடத்தில்தான் காத்திருக்க வேண்டும். டூர் பஸ்ஸுக்குப் படி ஏற வேண்டும், நடக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்.

டூர் முடிந்து வழிகாட்டி விமான நிலையத்தில் விட்டதும் உடனே உள்ளே ஓடாதே. ஜுவல் கட்டடம் இமிகிரேஷனுக்கு வெளியே இருக்கிறது. 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை நடுவே விழும் செயற்கை அருவி. ஒகேனக்கல்காரனுக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனாலும் ஏசிக்குள் நனையாமல் அருவி பார்ப்பதும் ஒரு வேடிக்கைதானே. ஒரு மணி நேரம் போதும். ஒருவேளை அதிகாரி வெளியே விடவில்லை என்றாலும், டெர்மினல்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயினிலிருந்து அந்த அருவி தெரியும். 3ஆம் டெர்மினலில் பட்டாம்பூச்சித் தோட்டம், 2இல் சூரியகாந்தித் தோட்டம், இரண்டும் உள்ளேயே, இலவசம்.

திரும்பி உள்ளே வருவதற்குக் கடைசிக் கெடுவாக மாலை 6 மணியை வைத்துக்கொள். அங்கே 1, 2, 3ஆம் டெர்மினல்களில் கைப்பை சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். கூடத்தில் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அங்கே கொட்ட வேண்டியிருக்கும், வரிசையும் அங்கேதான். கேட் எண்ணைத் திரையில் அடிக்கடி பார், அது மாறும். கைக்கடிகாரத்தை இறங்கியவுடன் சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பி வை. போன் தானாக மாறும், உன் பழைய கடிகாரம் மாறாது.

திரும்பி வரும்போது உங்களுக்கு நான்கு மணி நேரம்தான் இடைவெளி. அதற்கு டூர் கிடையாது, கேட்கவும் வேண்டாம்.

லண்டன் போகும் உன் தம்பி மகன் தோஹா வழி என்றாய். அங்கேயும் டிரான்ஸிட் டூர் உண்டு, ஆனால் காசு கட்ட வேண்டும். நகரம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது வசதி. 2008இல் திறந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமும் சூக் வாகிஃப் சந்தையும் பார்க்கத் தகுந்தவை. மதியத்தில் சந்தைக் கடைகள் சாத்தியிருக்கும், வெள்ளிக்கிழமை காலையில் ஊரே சாத்தியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகலில் 40 டிகிரிக்கு மேல், அந்த மாதங்களில் அந்தி டூர் மட்டும் எடுக்கச் சொல்.

தர்மபுரியிலிருந்து பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம் ஏறக்குறைய 170 கி.மீ. மதியம் 2 மணிக்கே கிளம்பிவிடு. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபூர், ஹொசகோட்டே வழியாகப் போகச் சொன்னால் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மாட்ட வேண்டாம். மாம்பழப் பெட்டி கட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதே. ஆஸ்திரேலியாவில் பழமும் விதையும் உள்ளே விட மாட்டார்கள், மறைத்தால் அபராதம். ஊறுகாய், பொடி எதுவாக இருந்தாலும் விமானத்தில் கொடுக்கும் அட்டையில் 'ஆம்' என்று டிக் போட்டுக் காட்டிவிடு.

டிக்கெட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. பெட்டிச் சீட்டு எம்இஎல்லுக்குப் போடுவார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கோவிந்தன்