ஞாபகத்தைச் சோதிக்கும் முன் கண்ணைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

முதுமை மறதி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், காது மந்தம் எல்லாம் அதில் இருந்தன. கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் அம்மாவுக்கு வயது 76. முதலில் பேப்பர் படிப்பதை விட்டார். கேட்டால், "அதில் என்ன இருக்கு?" என்பார். எதிரே நிற்பவரின் குரலைக் கேட்ட பிறகுதான் பெயர் சொல்வார். காலை மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டார். சரி, மறதி வந்துவிட்டது என்று நாங்களே முடிவுகட்டி, ஞாபகப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். தாளில் இருந்த வரியைப் படிக்கவும், ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரையவும் சொன்னார்கள். அம்மா தாளை மூக்கருகே கொண்டுபோனார், ஜன்னல் பக்கம் திருப்பினார், பிறகு பேசாமல் மேஜையில் வைத்துவிட்டார். மதிப்பெண் குறைந்தது. எழுத்து தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்திலேயே இருந்த நானும் கேட்கவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களில் ஒன்றாக, சிகிச்சை பெறாத பார்வைக் குறைவை லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-ல்தான் சேர்த்தது. அதற்கு முன்பே, 65 வயது தாண்டிய 3,000-க்கும் மேற்பட்டோரை அமெரிக்காவில் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று வந்தது. கண்புரை அகற்றிக்கொண்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஆபரேஷனுக்குத் தெம்புள்ளவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் கண் நீர் அழுத்த நோய்க்கு (கிளாகோமா) ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆபரேஷன் இருக்கிற பார்வையைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. பார்வை திரும்புவதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கண் மங்கினால் படிப்பு நிற்கிறது, வெளியே போவது குறைகிறது, ஆட்களோடு பேச்சு குறைகிறது. மூளைக்கு வேலையே இல்லாமல் போகிறது. "இந்த வயசில் எதுக்கு ஆபரேஷன்?" என்று பெரியவர்களே சொல்வார்கள். பிள்ளைகள் அதற்குத் தலையாட்டக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் மறதி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் மாத்திரை அட்டையை அவரே படித்துப் பிரிக்கிறார்.

ஒரு கண் மருத்துவரிடம் இதைப் பற்றி விரிவாக எழுதி வாங்கி வெளியிடுங்கள். ஞாபகப் பரிசோதனைக்குப் போகும்போது மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப்போகச் சொல்லி அதில் ஒரு வரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி