புகை பிடிக்கும் பொம்மையின் பழுதுபார்ப்பு குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், பழங்கால விசைப் பொம்மைகள் பழுதுபார்க்கும் பிரிவு, பாரிஸ்

பொருள்: துருத்தி மாற்றக் கொடுத்த பொம்மை கெட்டுத் திரும்பியது பற்றி.

ஐயா,

மார்ச் மாதம் உங்களிடம் என் பொம்மையைக் கொடுத்தேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே பாரிஸில் லியோபோல் லாம்பேர் பட்டறையில் செய்தது, முடுக்கும் சாவியில் அந்தப் பட்டறையின் ‘எல்.பி.’ முத்திரை இருக்கிறது. ஓய்வாகச் சிகரெட் பிடிக்கும் ஒரு கனவான். அடிப்பெட்டிக்குள் இருக்கும் துருத்தியின் தோல் வெடித்துவிட்டது, அதை மட்டும் மாற்றுங்கள் என்றேன். ரசீதிலும் அவ்வளவுதான் இருக்கிறது.

அவர் முன்பு எப்படிப் புகைப்பார் தெரியுமா? கை மெல்ல உயரும். சிகரெட் உதட்டைத் தொட்டதும் துருத்தி விரிந்து, கைக்குள் ஓடும் குழாய் வழியாகப் புகையை இழுக்கும். கை இறங்கும், தலை ஒரு பக்கம் திரும்பும். அதற்கு அப்புறம்தான் வாயிலிருந்து புகை வரும். அந்தச் சிறு தாமதத்தில்தான் பொம்மை மனிதராகிவிடும். வீட்டுக்கு வருகிற குழந்தைகள் அந்த நொடியில் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இப்போது கை மேலே போகும்போதே புகை வந்துவிடுகிறது. மேடும் பள்ளமுமாக வெட்டிய வட்டுகள் உள்ளே ஒரே தண்டில் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றும் ஓர் அசைவுக்கு. அவற்றை அடையாளம் வைக்காமல் கழற்றி, இடம் மாற்றிக் கோத்திருக்கிறார்கள். வேகத்தை அடக்கும் சின்ன விசிறியின் இறகும் வளைந்திருக்கிறது. அதனால் இசைப்பெட்டியும் தலைதெறிக்க ஓடுகிறது. “பழைய பொருள், அப்படித்தான் இருக்கும்” என்றார் உங்கள் ஊழியர். கொடுப்பதற்கு முந்தைய நாள் எடுத்த வீடியோவை இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

இதைவிட என்னை வருத்தியது உடை. வெளிறிப்போன பட்டுக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் பாலியெஸ்டர் மாட்டியிருக்கிறீர்கள். யார் கேட்டார்கள்? அந்தக் கோட்டின் வலது முழங்கை மடிப்பில் பட்டு நைந்து இழை இழையாகத் தெரியும். எத்தனையோ ஆயிரம் முறை கை உயர்ந்து தாழ்ந்த தேய்மானம் அது. புதுத் துணியால் அதைத் திருப்பித் தர முடியாது.

பழைய கோட்டையும் கழற்றிய துருத்தித் தோலையும் எனக்குத் திருப்பி அனுப்புங்கள். குப்பையில் போட்டிருந்தால் இன்றே தேடச் சொல்லுங்கள். வட்டுகளைச் சரிசெய்ய நான் வேறொரு வல்லுநரிடம் போகிறேன். அந்தச் செலவை நீங்கள் ஏற்க வேண்டும், நான் கட்டிய கூலியையும் திருப்பித் தர வேண்டும். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பொம்மையின் உரிமையாளர்