ஐபேடுக்குப் பென்சில் வாங்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில், "யூஎஸ்பி-சி பென்சிலே வாங்கிக்கிறேன்ப்பா, அதுதான் விலை குறைவு" என்றாய். நானும் சரி என்றுவிட்டேன். படுத்த பிறகு மனசு கேட்கவில்லை. அதை வாங்காதே, கண்ணு.

2023இல் வந்த அந்தப் பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. சாய்த்துப் பிடிப்பதை உணரும், அவ்வளவுதான். அமுக்கி இழுத்தாலும், தொட்டும் தொடாமலும் இழுத்தாலும், கோடு ஒரே கனத்தில் விழும். பாடக் குறிப்பு எழுத அது தாராளமாகப் போதும். நீ படிப்பது அனிமேஷன்.

நான் போர்டு எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பாயே, நினைவிருக்கிறதா? 'ழ'வில் இறங்கும் கோட்டுக்குப் பிரஷ்ஷை நன்றாக அமுக்குவேன். அடியில் சுழிக்கும்போது மணிக்கட்டைத் தூக்கி, மயிர்நுனி மட்டும் பலகையில் படும்படி விடுவேன். எழுத்துக்கு உயிர் வருவது அங்கேதான். உன் கையும் அதைப் பார்த்துப் பழகிய கை.

உன்னுடையது பத்தாம் தலைமுறை ஐபேடு. ஆப்பிள் பென்சில்களில் அழுத்தம் உணர்ந்து அதில் வேலை செய்வது 2015இல் வந்த முதல் தலைமுறைப் பென்சில் மட்டும்தான். இரண்டாம் தலைமுறைப் பென்சிலும் பென்சில் புரோவும் உன் ஐபேடோடு சேராது; யார் என்ன சொன்னாலும் வாங்கிவிடாதே. முதல் பென்சிலின் பின்பக்கம் இருக்கும் சார்ஜ் முனை லைட்னிங் வகை, உன் ஐபேடில் இருக்கும் சார்ஜ் துளையோ யூஎஸ்பி-சி. இணைக்கவும் சார்ஜ் போடவும் நடுவில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். பெட்டியில் அது இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார். பின்பக்க மூடி தனியாகக் கழன்று வரும், தொலைத்துவிடாதே.

தொடுதிரையில் எழுத நான் முதலில் வாங்கியது ரப்பர் முனைப் பேனா. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழும். கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தே ஒரு கல்யாண பேனரை முடித்தேன். இரண்டு நாள் தோள்பட்டை வலி. அப்புறம்தான் சாம்சங்கின் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் டேப்லெட் வாங்கினேன். அதற்கான பேனா, எஸ் பென், பெட்டியிலேயே வந்தது. அதற்குள் பேட்டரியே கிடையாது, வேண்டிய சக்தியைத் திரையே கொடுக்கிறது. இப்போது கையை ஊன்றி நிம்மதியாக எழுதுகிறேன்.

கூடுதலாக ஆகும் பணத்துக்குக் கவலைப்படாதே. சீட்டுப் பணம் வந்திருக்கிறது, நாளைக்கே போட்டுவிடுகிறேன்.

பென்சில் வந்ததும் முதல் வேலையாக ஒரு 'ழ' எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. அடிச்சுழி எப்படி மெலிகிறது என்று நான் பார்க்கணும்.

அன்புடன்,
அப்பா