குறட்டை அடங்கும் நேரம்

ஹற்றன்

அன்புள்ள மகனுக்கு,

மருமகளின் குறட்டையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நீ வேடிக்கையாகச் சொன்னபோது நானும் சிரித்துவிட்டேன். ஆனால் நடுவில் சத்தம் அடங்கி, பின்பு மூச்சுத் திணறியதுபோல் அவள் திடுக்கிட்டுப் புரண்டு படுப்பதாக நீ சொன்னது என் மனதைவிட்டு அகலவில்லை.

கர்ப்பகாலத்தில் மூக்கின் உட்புறம் வீங்குவதும் எடை கூடுவதும் இயல்பாதலால், வெறும் குறட்டைக்கு நான் இவ்வளவு அஞ்சமாட்டேன். மூச்சு நிற்பது வேறு. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, 10 விநாடியோ அதற்கு மேலோ காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததும் மூளை அவளை உலுக்கி எழுப்புகிறது, காலையில் அவளுக்கோ எதுவும் நினைவிருப்பதில்லை. ஸ்லீப் அப்னியா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இந்நோயுள்ள தாய்மாருக்குக் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும், அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் முன்சூல்வலிப்பும், நீரிழிவும், குறைமாதப் பிரசவமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. அமெரிக்காவில் முதற்கர்ப்பிணிகள் 3,000 பேருக்கு மேல் வீட்டிலேயே கருவி பொருத்திப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க மாதங்களில் 3.6 சதவீதமாக இருந்த உறக்க மூச்சுக் கோளாறு நடு மாதங்களில் 8.3 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஆகவே மூன்றாம் மாதத்தில் நன்றாகத்தானே தூங்கினாள் என்று சமாதானம் கொள்ளாதே.

தோட்டங்களில் மருத்துவிச்சியாக இருந்த காலத்தில் பிரஷரையும் சிறுநீரையும் பார்த்தேனே தவிர, இரவில் எப்படித் தூங்குகிறாய் என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை. லயத்து வரிசை வீடுகளில் அடுத்த அறையின் குறட்டை எல்லோருக்கும் கேட்கும். அது அடங்கும் நேரத்தை யார் கவனித்தோம்? பகலெல்லாம் சோர்வு என்று வந்தவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அவர்களில் எத்தனை பேருக்கு இது இருந்ததோ.

எனவே அடுத்த கிளினிக்குக்கு நீயும் போ. அவளைக் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். பார்த்தவன் நீ, நீதான் சொல்லவேண்டும். இரவில் அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து மருத்துவரிடம் காட்டு. பரிசோதனையில் உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சீபாப் இயந்திரத்தைக் கர்ப்பிணிகளும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். சிசேரியன் என்று முடிவானால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் இதை மறவாமல் சொல். கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம் கண்டால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ.

மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுக்கச் சொல். இலவம்பஞ்சில் நீளத் தலையணை ஒன்று தைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வரும் உன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன், அவள் முதுகுக்குப் பின்னால் வை.

அன்புடன்,
அம்மா