நமது மகளிர் நடைப்பயிற்சிச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவி அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் நடந்தோம். தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கும் மழைக்கும் மட்டும் விடுமுறை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் ஜவுளிக்கடை, நகைக்கடையில் வேலை பார்ப்பவர்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "நாள் பூரா நின்னுக்கிட்டேதானே இருக்கோம், இதுக்கு மேல எதுக்குக்கா நடக்கணும்?"

நியாயமான கேள்வி. அதனால் ஓர் இதய மருத்துவரை அழைத்துப் பேச வைத்தோம். நின்றுகொண்டே இருந்தால் கால் நரம்புதான் சுருளும், இதயத்துக்கு அது பயிற்சி ஆகாது என்றார். வேகமாக நடந்து பழகினால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு குறையும். ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்துகொடுப்பதால் ரத்த அழுத்தமும் இறங்கும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். (நம்மில் சிலர் ஊர்க்கதை பேசியபடி நடப்பது இந்தக் கணக்கில் வராது.)

அமெரிக்காவில் 72,488 செவிலியரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. வாரம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ விறுவிறுப்பாக நடந்தவர்களுக்கு மாரடைப்பு முதலான இதயக்குழாய் நோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்தது. அவர்களும் நம்மைப் போல வேலைக்குப் போன பெண்கள்தான். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம்.

அந்த 150 நிமிடத்துக்கு எங்கே போவது என்பதுதான் இந்த ஆண்டு முழுக்க நம் பிரச்சினை. அதிகாலை நடைக்கு ஆள் வரவில்லை. அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வரும், அடுப்பில் குக்கர் இருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கடை திறப்பதற்குள் நடக்கலாம் என்று மாற்றியதும் கூட்டம் சேர்ந்தது. அப்புறம் சித்திரை வெயில் வந்து பாதிப் பேரைத் துரத்தியது. மாலை நடை ஆசிரியைகளுக்கு மட்டுமே ஒத்துவந்தது. இரவு ஒன்பதரைக்குக் கடையை விட்டு வருபவர்களுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

ரத்த அழுத்தப் பரிசோதனையும் நடத்தினோம். தங்களுக்கு அழுத்தம் இருப்பதே தெரியாமல் இருந்த சிலர் இப்போது மருந்து எடுக்கிறார்கள். மருத்துவர் வற்புறுத்திச் சொன்னது இன்னொன்று: பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். தாடை வலி, மேல்முதுகு வலி, குமட்டல், மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி திடீரென்று வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடை ஊழியர்களுக்கு வாரவிடுமுறை நாளில் தனி நடை வைக்கும் தீர்மானத்தோடு இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்