பூண்டியின் வரவு செலவு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாலையில் மறுபடியும் நடக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். "மழைக்காலத்தில் பூண்டியைத் திறந்து கடலுக்கு அனுப்பிவிட்டுக் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறீர்களே, இது என்ன கணக்கு?" என்று கேட்டிருந்தாய். தணிக்கையில் காலம் கழித்தவன் வேறு எப்படிக் கேட்பாய்! சென்ற வாரம் சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த ஏரிக்கே போய் வந்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொசஸ்தலையாற்றின் குறுக்கே இந்த நீர்த்தேக்கத்துக்கு 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1944இல் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை மேயராக இருந்து இதற்காக வாதாடிய சத்தியமூர்த்தி, 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்டதால், தாம் கேட்ட தண்ணீரைக் கண்ணால் காணவில்லை. 'சத்தியமூர்த்தி சாகர்' என்று அவர் பெயரையே இதற்குச் சூட்டியிருந்தாலும் ஊர் வாயில் இது இன்றும் பூண்டி ஏரிதான். கண்ணிழந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லும் திருவெண்பாக்கத்துக் கோயில் நீர்ப்பரப்புக்குள் போனதையும், ஊன்றீசுவரர் பூண்டிக்கு இடம் மாறியதையும் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நகரம் குடிக்க ஒரு பாடல்பெற்ற தலமே வழிவிட்டது.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 9,150 கோடி லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர், புழல் நிலையத்தின் திறன் 30 கோடி லிட்டர். இவ்விரண்டும் முழு அளவில் இயங்கினால், வெயில் குடிப்பதைக் கழிக்காமலே, நிறைந்த பூண்டி நூற்றுப்பத்து நாளில் தீர்ந்துவிடும். முழுக்கொள்ளளவிலும் நீர்மட்டம் 35 அடிதான் என்பதால், பரந்து கிடக்கும் இந்த ஏரியில் வெயில் குடிப்பதும் கொஞ்சநஞ்சமன்று. நாமெல்லாம் இதைச் சேமிப்புக் கிடங்கு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இது வாங்கி மாற்றிக் கொடுக்கும் இடம். இங்கே வருகிற தண்ணீர் கால்வாய்கள் வழியே செம்பரம்பாக்கத்துக்கும் சோழவரத்துக்கும் புழலுக்கும் போன பிறகுதான் நகரத்துக் குழாய்களை எட்டுகிறது.

சென்னையின் குடிநீருக்காக ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா ஆற்று நீரும் அப்படித்தான். 1983 ஒப்பந்தப்படி ஆந்திரம் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) தர வேண்டும். அந்த நீர் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடி ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மேலும் 25 கிலோமீட்டர் கடந்து பூண்டிக்கு வருகிறது. முதன்முதலில் அது வந்து சேரவே 1996 ஆயிற்று. பெரும்பாலான ஆண்டுகளில் முழு அளவு வருவதில்லை என்பது நீ அறிந்ததே. அது முழுவதும் ஒரே மூச்சில் வந்தாலும் நம்மால் வாங்கிவைக்க முடியாது: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்க் கண்டிகை ஆகிய ஐந்தும் சேர்ந்து கொள்வது 11,757 மில்லியன் கன அடிதான், 12 டி.எம்.சி. என்பதோ 12,000.

மழைக்காலத்தில் திறந்துவிடுவதற்கும் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வெள்ளத்தின்போது நொடிக்கு 30,000 கன அடி வீதம் ஒரு முழு நாள் நீர்வரத்து இருந்தால் 2,592 மில்லியன் கன அடி சேர்ந்துவிடும். அதாவது ஏரியில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே நாளில். ஏற்கெனவே நிறைந்த ஏரி அதை எங்கே வைக்கும்? கரையைக் காக்க மதகைத் திறந்தே ஆக வேண்டும். அந்த உபரிநீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூரில் கடல் சேர்கிறது. அது அத்தனையும் வீண் என்று நானும் ஒருகாலத்தில் மேடை போட்டுப் பேசியவன்தான். இப்போது பாதி மனம் மாறிவிட்டது. போகிற வழியில் ஆற்று மணல் அந்த நீரைக் குடித்து, மாநகரமே நம்பியிருந்த கிணற்றுவயல்களின், அதாவது குடிநீருக்காக வரிசையாகக் கிணறு தோண்டிய இடங்களின், நிலத்தடிநீரை ஊறவைக்கிறது. அளவுமீறி இறைத்து மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறிவிட்ட பிறகு, ஆற்றில் ஓடும் நல்ல நீர் அதைத் தடுத்து நிறுத்தும் வேலையையும் செய்கிறது. மீதிப் பாதி மனம் மட்டும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்க மறுக்கிறது.

ஆகவே உன் தணிக்கைக் குறிப்பை "மதகைத் திறந்தது ஏன்" என்று எழுதாதே. "மதகுக்குக் கீழே, தடுப்பணைகளிலும் தூர்ந்துபோன சிற்றேரிகளிலும் எவ்வளவு பிடித்தீர்கள்" என்று எழுது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மார்கழியில் வந்தால் ஏரி நிறைந்திருக்கும். கரைமேல் உன் முழங்கால் ஒத்துழைக்கும் தூரம்வரை நடந்துவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்