புகார்: கேட்டது கம்பிவலை, வந்தது சாதாத் தாள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: நானோ கம்பிவலைப் போலரைசருக்குப் பதில் வேறு பொருள் அனுப்பியது

ஐயா / அம்மா, வணக்கம்.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்துக்காகப் போன மாதம் உங்களிடம் 25 மி.மீ. அலுமினியக் கம்பிவலைப் போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) ஒன்றை 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். வந்து சேர்ந்தது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டிய சாதாரண அயோடின் தாள், அதாவது மறிக்கும் ஒளியை விழுங்கிவிடும் மலிவான போலரைசர் படலம்.

போனில் பேசிய உங்கள் பொறியாளர், "மொபைல் திரை முன்னால பிடிச்சுத் திருப்புங்க சார். இருட்டாகுதா? அப்ப சரியாத்தான் இருக்கு" என்றார். இருட்டாகிறதுதான். நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போலரைசர் தாளும் அதைச் செய்யும். மறிக்கப்பட்ட ஒளி எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

கம்பிவலையில் அலுமினியக் கம்பிகள் 150 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இணையாக ஓடும். கம்பியின் போக்கிலேயே அதிரும் ஒளி, எலக்ட்ரான்களைக் கம்பி நெடுக ஓட்டிவிட்டு, ஆடியில் பட்டதுபோலத் திரும்பிவிடும். குறுக்காக அதிர்வது உள்ளே போகும். (மாணவர்கள் பரீட்சையில் இதைத் தலைகீழாகத்தான் எழுதுவார்கள்.) ஹெர்ட்ஸ் 1888-இல் ரேடியோ அலைகளையும் செப்புக் கம்பிகளையும் வைத்துக் காட்டியது இதையேதான். அப்படியானால் அசல் கம்பிவலை முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டும். நீங்கள் அனுப்பியதோ கூலிங்கிளாஸ்போலக் கருஞ்சாம்பலாக இருக்கிறது.

எல்இடி விளக்கிலிருந்து ஒரே தளத்தில் அதிரும் ஒளியைப் பெறுவதுதான் எங்கள் சோதனை. கம்பிவலை திருப்பி அனுப்பும் ஒளி விளக்கில் பட்டுச் சிதறி, அதிரும் திசை மாறி, அதில் ஒரு பங்கு மறுபடி வெளியே வரும். அதற்காகத்தான் இவ்வளவு விலை கொடுத்தோம். இந்தத் தாளோ அந்த ஒளியை விழுங்கிச் சூடாகி, மூன்றாம் நாளே நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பழுப்பேறிவிட்டது.

அப்புறம், "கம்பிப் பக்கத்தை விரலால் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள்" என்று உங்கள் கையேடு சொல்கிறது. சந்தேகம் தீரட்டும் என்று கைக்குட்டையால் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

படங்களும் பில் நகலும் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் சரியான பொருளை அனுப்புங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். கூரியர் செலவு உங்களுடையது. பெட்டியை ஒட்டும்முன் அந்தப் பொறியாளரையே போலரைசரில் முகம் பார்க்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர், இயற்பியல் துறை